சாற்றின் இனிப்பும் மண்ணின் பெயரும்: ஜெர்மானிய ஒயின் லேபிளின் வரலாறு

ஜெர்மானிய ஒயின் புட்டியின் லேபிளில் ஊர்ப் பெயர், தோட்டப் பெயர், திராட்சை ரகம், அறுவடை ஆண்டு, தரத்தைச் சுட்டும் ஒரு நீண்ட சொல், அரசுத் தேர்வு எண் என அடுக்கடுக்காகத் தகவல்கள் இருந்தும், அந்த ஒயின் இனிப்பானதா, எத்தகைய நிலத்தில் விளைந்தது என்னும் இரண்டு அடிப்படைக் கேள்விகளுக்கு அதிலிருந்து எளிதில் விடை கிடைப்பதில்லை. ஜெர்மன் மொழியின் நீண்ட கூட்டுச்சொற்களே இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் அதன் வேர் மொழியில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. ஒயினின் தரம் என்பது பறித்த பழத்தின் சாற்றில் உள்ள சர்க்கரையின் அளவா, அல்லது அப்பழம் விளைந்த நிலத்தின் இயல்பா என்னும் வழக்கு அந்நாட்டில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஒவ்வொரு காலமும் அளித்த தீர்ப்பு முந்தைய தீர்ப்பை முற்றிலும் நீக்காமல் அதன்மேல் படிந்ததால், இன்றைய லேபிளில் இரண்டு கட்சிகளின் சொற்களும் அருகருகே நிற்கின்றன.

இந்த வழக்கு ஜெர்மனியில் எழுந்ததற்கு அதன் தட்பவெப்பமே முதற்காரணம். ரைன், மோசெல் ஆற்றங்கரைத் தோட்டங்கள் வட அட்சரேகை 50 பாகையை ஒட்டி அமைந்தவை. திராட்சை முழுமையாகப் பழுக்கக்கூடிய நிலப்பரப்பின் வட எல்லையாகவே அது நெடுங்காலம் இருந்தது. ஆற்று நீரில் பட்டுத் திரும்பும் ஒளியும், பகலில் சூட்டை வாங்கி இரவில் மெல்ல வெளிவிடும் பலகைக்கல் நிலமும், தெற்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகளும் ஒன்றுகூடும் இடங்களில்தான் ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை நம்பகமாகப் பழுத்தது; மற்ற இடங்களில் பல ஆண்டுகளில் அது புளித்த காயாகவே அறுவடைக்கு வந்தது. சர்க்கரை அரிதாகக் கிடைத்த இத்தகைய நாட்டில், பழத்தின் முதிர்ச்சியைத் தரத்தின் அடையாளமாகக் கொண்டது இயல்பானதே. அந்த முதிர்ச்சி மிகுதியும் நல்ல நிலத்தின் விளைவாகவே அமைந்ததால், இனிப்பும் நிலமும் தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று முரணான அளவுகோல்களாக எவருக்கும் தோன்றவில்லை.

தரச்சொற்களின் தொடக்கம் ரைன்காவ் பகுதியில் இருக்கிறது. அங்கே 1136இல் சிஸ்டர்சியன் துறவிகள் நிறுவிய எபர்பாக் மடத்தில், சிறந்த பீப்பாய்களைத் தனியே பூட்டி வைப்பதற்கென்று 18ஆம் நூற்றாண்டில் ஒரு நிலவறை இருந்தது. அது காபினெட் நிலவறை என்று அழைக்கப்பட்டது. விலைமதிப்புள்ள பொருள்களைச் சேமித்து வைக்கும் சிற்றறையைக் குறித்த அச்சொல், காலப்போக்கில் அங்கே வைக்கப்பட்ட ஒயினுக்கே ஆகி, உரிமையாளர் தமக்கென ஒதுக்கிய உயர்ந்த சரக்கு என்னும் பொருளைப் பெற்றது. அண்டையில் உள்ள ஃபொல்ராட்ஸ் மாளிகையும் இச்சொல்லை அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வழங்கியிருக்கிறது. இன்று காபினெட் என்பது சட்டம் வகுத்த சிறப்புத் தகுதிகளில் மிகக் கீழ்ப்படியைக் குறிக்கிறது என்பதை எண்ணும்போது, ஒரு சொல்லின் மதிப்பை அரசாணை எவ்வளவு தூரம் மாற்றிவிட முடியும் என்பது விளங்கும்.

மற்றச் சொற்களுக்கு யோஹானிஸ்பெர்க் மாளிகையே பிறப்பிடமாகச் சொல்லப்படுகிறது. ஃபுல்டா நகரின் திருச்சபை ஆட்சியாளர்களுக்கு உரிமையாயிருந்த அந்தத் தோட்டத்தில் 1720இல் பெருமளவில் ரீஸ்லிங் நடப்பட்டது. அறுவடையைத் தொடங்க ஃபுல்டாவிலிருந்து எழுத்து மூலமான அனுமதி வரவேண்டும் என்பது நடைமுறை. 1775இல் அந்த ஆணையைக் கொண்டுவந்த குதிரைத் தூதர் பல நாள்கள் தாமதமாக வந்து சேர்ந்ததாகவும், அதற்குள் பழங்களின் மீது பூஞ்சை படர்ந்துவிட்டதாகவும், வேறு வழியின்றி அப்பழங்களைப் பிழிந்தபோது வியக்கத்தக்க ஒயின் கிடைத்ததாகவும் கூறுவர். போட்ரைட்டிஸ் சினிரியா என்னும் அந்தப் பூஞ்சை பழத்தோலில் நுண்துளையிட, நீர் ஆவியாகிச் சர்க்கரையும் மணமும் செறிவடைகின்றன. ஹங்கேரியின் டோக்காய் பகுதியில் இந்த உண்மை முன்பே தெரிந்திருந்தது. ஆகவே தூதரின் கதையை ஒரு கண்டுபிடிப்பின் வரலாறாக அப்படியே ஏற்பதற்கில்லை. எனினும், காத்திருந்து பறிப்பது தற்செயலான நிகழ்வாக இல்லாமல் திட்டமிட்ட முறையாக ரைன்காவில் நிலைபெற்றது அந்தக் காலத்தில்தான். தாமத அறுவடையைக் குறிக்கும் ஷ்பேட்லேசே, தேர்ந்த குலைகளை மட்டும் பறிப்பதைக் குறிக்கும் அவுஸ்லேசே, தேர்ந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பதைக் குறிக்கும் பேரன்அவுஸ்லேசே, கொடியிலேயே உலர்திராட்சை போலச் சுருங்கிய மணிகளை மட்டும் எடுப்பதைக் குறிக்கும் ட்ராக்கன்பேரன்அவுஸ்லேசே ஆகிய சொற்கள் யாவும் தோட்டத்தில் கைகள் செய்த வேலையின் பெயர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவை எண்களின் பெயர்களாக மாறியது பிற்காலத்தில்.

அந்த எண்ணைத் தந்தவர் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரைச் சேர்ந்த ஃபெர்டினண்ட் எக்ஸ்லே (1774–1852) என்னும் பொற்கொல்லரும் கருவி வினைஞரும் ஆவார். நொதிக்காத பிழிசாற்றில் மிதக்கவிட்டு அதன் அடர்த்தியை அறியும் கருவியை அவர் 1830களில் செம்மைப்படுத்திப் பரப்பினார். ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கூடுதல் எடை உடையதோ அத்தனை பாகை என்பது அவருடைய கணக்கு. 1,080 கிராம் எடையுள்ள சாறு 80 பாகை எக்ஸ்லே எனப்படும். சாற்றில் கரைந்திருப்பது பெரும்பாலும் சர்க்கரையே ஆதலால், இந்த அளவு வரப்போகும் மதுச்சாரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எளியதும் மலிவானதும் எவருடைய நாக்கையும் நம்பியிராததுமான இக்கருவி குடியானவருக்கும் வணிகருக்கும் இடையே நேர்மையான பேரத்துக்கு வழி செய்தது என்பதில் ஐயமில்லை.

அதே காலத்தில் மோசெல் பள்ளத்தாக்கு கடும் வறுமையில் இருந்தது. 1834இல் அமைந்த சுங்க ஒன்றியம் தென் ஜெர்மானிய ஒயின்களுக்குப் பிரஷ்யச் சந்தையைத் திறந்துவிட, தொடர்ந்து வந்த மோசமான அறுவடைகளும் சேர்ந்துகொள்ள, சிறு விவசாயிகள் கடனில் மூழ்கினர். ட்ரியர் நகரில் பிறந்த கார்ல் மார்க்ஸ் 1843இல் ரைனிஷ் ட்ஸைட்டுங் இதழில் எழுதிய கட்டுரைகளில் ஒன்று இவர்களுடைய நிலையைப் பற்றியதாகும். இவர்களுக்கு உதவும் நோக்கத்துடனேயே ட்ரியரில் வாழ்ந்த சமூகச் சிந்தனையாளர் லுட்விக் கால் (1791–1863), புளித்த சாற்றில் நொதித்தலுக்கு முன் சர்க்கரை நீரைக் கலக்கும் முறையைப் பரப்பினார். சர்க்கரை மதுச்சாரத்தை உயர்த்தியது, நீர் புளிப்பைத் தணித்தது. விற்க முடியாத ஒயின் விற்கக்கூடியதாயிற்று. அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆனால், நல்ல சரிவுகளுக்கு உரியவர்கள் அதைக் கலப்படம் என்றே கருதினர். தங்கள் ஒயினில் சர்க்கரை சேரவில்லை என்பதைக் காட்ட இயற்கை ஒயின் என்னும் பொருளுடைய நாட்டுர்வைன் என்ற சொல்லைக் கைக்கொண்டனர். 1892, 1901, 1909 ஆகிய ஆண்டுகளின் ஒயின் சட்டங்கள் யாவும் இந்தப் பூசலுக்கு எல்லை வகுக்க முயன்றவையே. 1910இல் ட்ரியர் மேயர் ஆல்பர்ட் ஃபான் புரூக்ஹவுசன் முன்முயற்சியில் வட்டாரச் சங்கங்கள் இணைந்து இயற்கை ஒயின் ஏலக்காரர் சங்கத்தை உருவாக்கின. அதன் உறுப்பினர்கள் சர்க்கரை சேராத ஒயினைப் பீப்பாய் பீப்பாயாகப் பொது ஏலத்தில் விற்றனர். ஒவ்வொரு பீப்பாயும் தனித்தனியே நொதித்துத் தனித்தனிச் சுவை பெற்றிருந்ததால், அதன் எண்ணும் சில வேளைகளில் லேபிளில் இடம்பெற்றது.

நிலத்தின் கட்சியும் 19ஆம் நூற்றாண்டில் வாளாவிருக்கவில்லை. அதற்கு வாதாடியவர்கள் வரி அதிகாரிகள். 1828இல் பவேரிய அரசு தன் ஆட்சியில் இருந்த ஃபால்ட்ஸ் பகுதித் தோட்டங்களை வரிக்காகத் தரம் பிரித்தது. பிரஷ்யாவின் 1861ஆம் ஆண்டு நிலவரிச் சட்டத்தைத் தொடர்ந்து ஒவ்வொரு துண்டு நிலத்தின் நிகர வருவாயும் மதிப்பிடப்பட்டது. ரைன்காவுக்கு 1867இலும், அந்த மதிப்பீட்டின் அடிப்படையில் மோசெல், சார் பள்ளத்தாக்குகளுக்கு 1868இலும் வரைபடங்கள் அச்சாயின. ட்ரியர் மாவட்டப் படத்தை வரைந்த கிளாட்டன், அதிக வருவாய் தரும் சரிவுகளை அடர்ந்த வண்ணத்திலும் குறைந்தவற்றை வெளிர் வண்ணத்திலும் காட்டியிருக்கிறார். சந்தை பல தலைமுறைகளாகக் கொடுத்து வந்த விலையின் பதிவு அது. பார்டோ மாளிகைகளை வகைப்படுத்திய 1855ஆம் ஆண்டுப் பட்டியலில் உரிமையாளர்களின் பெயர்கள் இருக்க, இந்தப் படங்களில் மண்ணே வரிசைப்படுத்தப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. இத்தகைய ஆவணத்தைக் கையில் வைத்திருந்த ஒரு நாடு, அடுத்த நூற்றாண்டில் அதைச் சட்டத்தின் அடிப்படையாகக் கொள்ளாமல் விட்டது பெரிய இழப்பு.

அந்த முடிவு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் எடுக்கப்பட்டது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் பொதுவான ஒயின் விதிகளுக்கு ஏற்ப உருவான அச்சட்டம், ஒயினை மூன்று தட்டுகளாகப் பிரித்தது: எளிய மேசை ஒயின், குறிப்பிட்ட பகுதியில் விளைந்த தர ஒயினாகிய க்வாலிடேட்ஸ்வைன், அதற்கும் மேல் ப்ரேடிகாட் எனப்படும் சிறப்புத் தகுதி பெற்ற தர ஒயின். இரண்டாம் தட்டில் சர்க்கரை சேர்க்கலாம், மூன்றாம் தட்டில் சேர்க்கக் கூடாது. நாட்டுர்வைன் என்ற சொல் லேபிளிலிருந்து விலக்கப்பட்டு, அதன் இடத்தை ப்ரேடிகாட் ஏற்றது. காபினெட் முதல் ட்ராக்கன்பேரன்அவுஸ்லேசே வரையிலான படிகள் எக்ஸ்லே பாகையின் குறைந்தபட்ச எல்லைகளாக வரையறுக்கப்பட்டன. பகுதியையும் ரகத்தையும் பொறுத்து மாறும் அந்த எல்லைகள், காபினெட்டுக்குச் சுமார் 70 பாகையிலும் ட்ராக்கன்பேரன்அவுஸ்லேசேக்கு 150 பாகையிலும் அமைந்தன. கொடியில் உறைந்த மணிகளை −7 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழான குளிரில் பறித்து உறைந்தபடியே பிழிந்து செய்யும் ஐஸ்வைன், 1982இல் தனித் தகுதியாயிற்று.

சட்டம் எந்தத் தோட்டத்தையும் பிறிதொன்றைவிட உயர்ந்ததாக ஏற்கவில்லை. தேவையான பாகையைத் தொடும் சாறு எந்த நிலத்திலிருந்து வந்தாலும் உயர்ந்த படியைப் பெறலாம். பரம்பரை உரிமையாளர்களின் சலுகையை ஒழித்து, சிறு விவசாயிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் சம வாய்ப்பு அளிக்கும் நல்லெண்ணம் இதில் இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் விளைவு வேறாயிற்று. அளக்கப்படுவது சர்க்கரை மட்டுமே என்றானதும், விரைவில் பழுத்து மிகுந்த சர்க்கரை சேர்க்கும் ஆப்டிமா, ஒர்ட்டேகா, ஹுக்ஸெல்ரேபே போன்ற கலப்பு ரகங்கள் சமவெளி வயல்களில் பரவின. செங்குத்தான பலகைக்கல் சரிவில் முதுகு வளைந்து உழைத்தவரின் ரீஸ்லிங் காபினெட்டாக நிற்க, இயந்திரம் ஓடும் வயலில் விளைந்த கலப்பு ரகம் அவுஸ்லேசேயாக விற்பனைக்கு வந்தது.

நிலப் பெயர்களுக்கு நேர்ந்தது இதைவிடக் கேடு. சுமார் 30,000 தோட்டப் பெயர்கள் ஏறத்தாழ 2,600 ஆகக் குறைக்கப்பட்டன. தனித் தோட்டம் என்னும் ஐன்ட்ஸெல்லாகே பொதுவாக 5 ஹெக்டேருக்குக் குறையக் கூடாது என்று விதிக்கப்பட்டதால், புகழ்பெற்ற சிறு துண்டுகள் அண்டை நிலங்களை விழுங்கி வீங்கின. பெர்ன்காஸ்டெல் ஊரின் டாக்டர் தோட்டத்தின் எல்லை பற்றிய வழக்கு 1984 வரை நீண்டது. இதற்கும் மேலாக, பல ஊர்களின் தோட்டங்களை ஒரே பெயரில் அடக்கும் குரோஸ்லாகே, அதாவது கூட்டுத் தோட்டம், என்னும் அலகு உருவாக்கப்பட்டு, அதன் பெயரின் முன் புகழ்பெற்ற ஓர் ஊரின் பெயரைச் சேர்க்கவும் அனுமதி தரப்பட்டது. பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஃப்ஷென் என்பது பீஸ்போர்ட் ஊரின் சூடான சரிவில் அமைந்த ஒரே தோட்டம். பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க் என்பது பல ஊர்களின் சமவெளித் தோட்டங்களையும் உள்ளடக்கிய பரந்த கூட்டுப் பெயர். ஊர்ப் பெயரும் அதைத் தொடரும் தோட்டப் பெயரும் ஒரே வடிவில் அமைந்த இவ்விரண்டையும், பெயர்களை மனப்பாடம் செய்தவர் அன்றி வேறெவராலும் பிரித்தறிய முடியாது. வாங்குபவரின் அறியாமையைச் சட்டமே வணிகத்தின் முதலாக்கியது என்று கூறுவது மிகையாகாது. ஷார்ட்ஸ்ஹோஃப்பெர்க், ஷ்டைன்பெர்க் போன்ற மிகச் சில தோட்டங்கள் மட்டும் ஊர்ப் பெயரின்றித் தம் பெயராலேயே நிற்கும் உரிமையைப் பெற்றிருந்தன.

வெளிநாட்டுச் சந்தையில் இதன் விளைவு லீப்ஃப்ராவ்மில்ஷ் என்னும் பெயரில் வெளிப்பட்டது. வோர்ம்ஸ் நகரின் அன்னை மரியா ஆலயத்தைச் சூழ்ந்த சிறு தோட்டத்தின் ஒயினுக்கு உரியதாயிருந்த அப்பெயர், ரைன் பகுதிகளின் இளம் இனிப்பு ஒயின்கள் பலவற்றுக்குப் பொதுப்பெயராகி, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய, அமெரிக்கக் கடைகளில் மலிவு விலையில் குவிந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் வணிகர்களின் விலைப்பட்டியலில் சிறந்த பார்டோ ஒயின்களுக்கு நிகராகவும் மேலாகவும் இருந்த ரைன் ஒயினின் மதிப்பு இவ்வாறு சரிந்தது.

இருப்பினும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் விட்டுச்சென்ற நன்மை ஒன்றுண்டு: ஒவ்வொரு தர ஒயினும் ஆய்வகச் சோதனையிலும் நடுவர் குழுவின் சுவைத் தேர்விலும் தேறி ஓர் எண்ணைப் பெற வேண்டும் என்ற விதி. லேபிளில் ஏ.பி. என்னும் எழுத்துகளுக்குப் பின் வரும் அந்த நீண்ட எண், தேர்வு நிலையம், புட்டியில் அடைத்தவர், அவர் அவ்வாண்டில் சமர்ப்பித்த ஒயின்களுள் இது எத்தனையாவது என்பவற்றைச் சொல்கிறது; இறுதி இரண்டு இலக்கங்கள் தேர்வு நடந்த ஆண்டைக் குறிக்கின்றன, அறுவடை ஆண்டை அல்ல. பொறுப்பின் சங்கிலியை ஒரு வரியில் காட்டும் இந்த எண்ணைப் போலவே, குட்ஸ்அப்ஃப்யுல்லுங் என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. உற்பத்தியாளரே தம் சொந்தத் தோட்டத்துப் பழத்தைக் கொண்டு ஒயின் செய்து அடைத்தார் என்பதற்கு அது உறுதி.

இனிப்பைப் பற்றிய குழப்பமும் படிப்பெயர்களிலிருந்தே எழுகிறது. ஷ்பேட்லேசே என்ற சொல் பறித்த அன்று சாற்றில் இருந்த சர்க்கரையைச் சொல்கிறதேயன்றி, நொதித்து முடிந்த ஒயினில் எஞ்சிய சர்க்கரையைச் சொல்வதில்லை. முழுவதும் நொதிக்கவிட்டால் அதே சாறு இனிப்பற்ற ஒயினாகும். எஞ்சிய இனிப்பைச் சொல்ல வேறு சொற்கள் உள்ளன. ட்ராக்கன் என்றால் லிட்டருக்கு 4 கிராம் வரையிலும், புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரையிலும் சர்க்கரை இருக்கலாம். ஹால்ப்ட்ராக்கன் அதற்கு அடுத்த நிலை. ஃபைன்ஹெர்ப் என்ற சொல்லுக்குச் சட்ட வரையறை இல்லை. ஏறத்தாழ இடைநிலை இனிப்பை அது குறிக்கிறது. இவற்றில் எதுவும் இல்லாத லேபிளில் மதுச்சார விழுக்காடே வழிகாட்டி: 8 விழுக்காடுள்ள மோசெல் காபினெட்டில் சர்க்கரை எஞ்சியிருக்கும், 12 விழுக்காட்டை எட்டிய ஷ்பேட்லேசே பெரும்பாலும் இனிப்பற்றதாக இருக்கும்.

நிலத்தின் கட்சி மீண்டும் எழுந்தது உற்பத்தியாளர்களிடமிருந்து. 1984இல் ரைன்காவில் பெர்ன்ஹார்ட் பிராயர், ஃபொல்ராட்ஸ் மாளிகையின் உரிமையாளர் எர்வைன் மாத்துஷ்கா கிரைஃபென்கிளாவ் முதலியோர் சார்ட்டா என்ற அமைப்பைத் தொடங்கி, உணவுடன் அருந்தத்தக்க, இனிப்பு குறைந்த ரீஸ்லிங்கை முன்னிறுத்தினர். 1910இல் தோன்றிய ஏலக்காரர் சங்கம், இயற்கை ஒயின் என்ற சொல் பறிபோன பிறகு பெயரை மாற்றிக்கொண்டு, வி.டி.பி. என்ற சுருக்கப் பெயரில் இப்போக்கின் தலைமையை ஏற்றது; அதன் உறுப்பினர்களின் புட்டிமூடியில் திராட்சைக் குலையைத் தாங்கிய கழுகுச் சின்னம் காணப்படும். 2012இல் அது வகுத்த ஒழுங்கு நான்கு படிகளைக் கொண்டது: பண்ணையின் பொது ஒயினாகிய குட்ஸ்வைன், ஓர் ஊரின் ஒயினாகிய ஓர்ட்ஸ்வைன், முதல்தரத் தோட்டமாகிய எர்ஸ்டே லாகே, அனைத்துக்கும் மேல் மாபெரும் தோட்டமாகிய குரோஸே லாகே. இந்த உயர்ந்த தோட்டத்தின் இனிப்பற்ற ஒயின் குரோஸெஸ் கெவெக்ஸ் எனப்படுகிறது. ஹெக்டேருக்கு 50 ஹெக்டோலிட்டருக்கு மேல் விளைவிக்கக் கூடாது, கையால் பறிக்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். ப்ரேடிகாட் சொற்களைச் சங்கம் இனிப்பு ஒயின்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டது. 150 ஆண்டுகளுக்கு முந்தைய வரி வரைபடங்கள் இத்தோட்டங்களைத் தேர்ந்தபோது சான்றாக எடுத்துப் பார்க்கப்பட்டன.

2021இல் அரசும் இந்தத் திசையில் நகர்ந்தது. திருத்தப்பட்ட ஒயின் சட்டமும் விதிகளும், எவ்வளவு குறுகிய இடத்தின் பெயர் லேபிளில் வருகிறதோ அவ்வளவு கடுமையான நிபந்தனை என்னும் கொள்கையை ஏற்று, பகுதி, ஊர், தனித் தோட்டம் என்று படிப்படியாக உயரும் ஒழுங்கை அமைத்தன. குரோஸெஸ் கெவெக்ஸ் என்ற சொல்லும் சங்கத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சட்டப்படி திறந்துவிடப்பட்டது. கூட்டுத் தோட்டப் பெயருக்கு முன் ஊர்ப் பெயரைச் சேர்க்கும் வழக்கத்துக்கு 2026ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து இடமில்லை. அதற்குப் பதிலாக வட்டாரம் என்பதைக் குறிக்கும் சொல்லை வெளிப்படையாக எழுத வேண்டும். அரை நூற்றாண்டு தாமதமான திருத்தம் இது.

ப்ரேடிகாட் படிகளோ சட்டத்தில் அப்படியே தொடர்கின்றன, ஆனால் அவற்றைத் தோற்றுவித்த குளிர் இப்போது முன்போல் இல்லை. 2019ஆம் ஆண்டு அறுவடையில் நாட்டின் எந்தப் பகுதியிலும் ஐஸ்வைன் செய்யும் அளவுக்குக் கடுங்குளிர் வரவில்லை. முன்னர் ஷ்பேட்லேசே அளவைத் தொட அக்டோபர் முடியும் வரை அஞ்சி அஞ்சிக் காத்திருந்த சரிவுகளில், இப்போது பல ஆண்டுகளில் அந்தப் பாகை எளிதாகவே வந்துவிடுகிறது. மெல்லிய, புளிப்புத் துலங்கும் காபினெட்டைச் செய்ய விரும்புபவர் சர்க்கரை ஏறிவிடுவதற்கு முன் பறிக்க வேண்டிய நிலை ஏற்பட்டிருக்கிறது, அல்லது காற்றோட்டம் மிகுந்த, உயரமான, முன்பு தாழ்வாக மதிக்கப்பட்ட தோட்டங்களை நாட வேண்டியிருக்கிறது. சட்டம் வகுத்ததோ கீழெல்லை மட்டும். ஒரு காபினெட்டின் சாறு எவ்வளவுக்கு மேல் இனிக்கக் கூடாது என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை, அதை முடிவு செய்யும் பொறுப்பு இன்று வரை ஒயின் செய்பவரிடமே இருக்கிறது.